தாவீது தரையில் ஊற்றிய தண்ணீர்

கேட்கப்பட்ட கேள்வி இது: பைபிளில் வரும் தலைவர்களை, பக்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு காவியத்தின் நாயகர்களைப் படிப்பதுபோலப் படித்தால் அவர்களில் யார் தன்னலமற்றவர், யார் சுயநலக்காரர்? கேட்டவரே மோசேயையும் தாவீதையும் ஒரு பக்கமும், சவுலையும் சிம்சோனையும் மறுபக்கமும் நிறுத்தியிருந்தார்.

அப்படி நிறுத்த முடியாது என்பதுதான் என் பதில். சண்டே ஸ்கூலில் நானும் அப்படித்தான் படித்தேன். நல்ல ராஜா, கெட்ட ராஜா என்று இரண்டு வரிசை இருக்கும், அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்போம். பெரியவனான பிறகு பழைய ஏற்பாட்டைக் கதையாக முதலிலிருந்து திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், இதை எழுதியவர்கள் யாருக்கும் நடத்தைச் சான்றிதழ் கொடுப்பதில் அக்கறை காட்டவே இல்லை. ஒருவன் பெருந்தன்மையானவன் என்றோ பேராசைக்காரன் என்றோ கதைசொல்லி தன் வாயால் சொல்வது ரொம்ப அபூர்வம். அவன் என்ன செய்தான், என்ன பேசினான், அதற்கு யார் விலை கொடுத்தார்கள், இவ்வளவுதான் நம் கைக்கு வரும். அந்தக் கடைசிக் கேள்வியை, விலை கொடுத்தது யார் என்பதை, விடாமல் பிடித்துக்கொண்டு படித்தால் இந்த மனிதர்கள் நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதைவிட எவ்வளவோ பெரியவர்களாகவும் எவ்வளவோ சிறியவர்களாகவும் தெரிகிறார்கள், அதுவும் பல சமயம் ஒரே ஆள் ஒரே அதிகாரத்துக்குள்.

தாவீதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டாம் சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. தாவீது அதுல்லாம் குகையில் இருக்கிறான், அவன் சொந்த ஊரான பெத்லகேம் பெலிஸ்தர் கையில். தாகத்திலோ ஊர் ஞாபகத்திலோ, பெத்லகேம் ஊர்வாசலில் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்கிறான். உத்தரவு என்று ஒன்றும் இல்லை, வெறும் ஏக்கம்தான். கூட இருந்த மூன்று வீரர்கள் எதிரிப் பாளயத்துக்குள் புகுந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தாவீது குடிக்கவில்லை. உயிரைப் பொருட்படுத்தாமல் போய்வந்த இந்த மனிதர்களின் இரத்தமல்லவா இது, இதை நான் குடிப்பேனா என்று கேட்டு, அதைக் கடவுளுக்கென்று தரையில் ஊற்றிவிடுகிறான். கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததைக் கொட்டுவதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஆசைக்கு அடுத்தவன் உயிர் விலையாகிவிடக்கூடும் என்பதை அந்த நிமிஷம் அவன் பார்த்துவிட்டான், பார்த்து நடுங்கினான். ஒரு தலைவனுக்கு வரவேண்டிய நடுக்கம் அது.

அந்த நடுக்கம் பிற்பாடு இல்லாமல் போகிறது. 11-ஆம் அதிகாரம் ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் ஆரம்பிக்கிறது, தாவீதோ எருசலேமிலேயே இருந்துவிட்டான். அதிகாரம் முழுக்க 'அனுப்பினான்' என்ற வினை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தளபதி யோவாபைப் போருக்கு அனுப்பினான், மாடியிலிருந்து குளிப்பதைப் பார்த்த பெண் யாரென்று விசாரிக்க ஆள் அனுப்பினான், அந்தப் பத்சேபாளை அழைத்துவர அனுப்பினான், போர்முனையில் இருந்த அவள் கணவன் உரியாவை அனுப்பச் சொல்லி யோவாபுக்குச் செய்தி அனுப்பினான், கடைசியில் உரியாவைக் கொல்வதற்கான கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினான். ஆட்சி அதிகாரம் என்றால் என்னவென்று இதைவிடத் துல்லியமாக எழுத முடியுமா? தான் அசையாமல் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை நகர்த்துவது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில் அதே வினை திரும்பி வருகிறது, இந்த முறை அனுப்புகிறவர் வேறு: கர்த்தர் தீர்க்கதரிசி நாத்தானைத் தாவீதிடம் அனுப்பினார்.

இதற்கு நடுவில் உரியா இருக்கிறானே, அவனைக் கவனியுங்கள். வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று ராஜா சொல்கிறான். உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரத்தில், தளபதியும் சக வீரர்களும் வெட்டவெளியில் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் குடித்து மனைவியோடு படுப்பேனா என்று கேட்டுவிட்டு, அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். அடுத்தவர்கள் ஆபத்தில் இருக்கும்போது என் சுகம் எனக்கு வேண்டாம் என்கிற இந்தப் பேச்சு, தண்ணீரை ஊற்றிய தாவீதின் பேச்சுதான். பழைய தாவீது இப்போது ஒரு ஏத்தியன் உருவில், பிற இனத்தான் ஒருவன் உருவில், புதிய தாவீதின் எதிரே நிற்கிறான். புதிய தாவீது அவனைக் கொன்றுவிடுகிறான்.

இதை நானாக இட்டுக்கட்டவில்லை. தண்ணீர்க் கதை வரும் அதே 23-ஆம் அதிகாரம் தாவீதின் வீரர்களுடைய பெயர்ப் பட்டியலாகத் தொடர்கிறது. வரிசையாகப் பெயர்கள், ஊர்கள், ஒன்றிரண்டு வீரச்செயல்கள், அப்புறம் கடைசிப் பெயர்: ஏத்தியனாகிய உரியா. ஆக முப்பத்தேழு பேர். அதோடு அதிகாரம் முடிகிறது. விமர்சனம் இல்லை, விளக்கம் இல்லை. வீரர்களின் இரத்தத்தைக் குடிக்க மாட்டேன் என்றவனைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவன் யாருடைய இரத்தத்தைச் சிந்தினானோ அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்து முடிக்கிறது கதை. நாளாகமத்தில் இதே பட்டியல் இருக்கிறது, உரியாவுக்குப் பிறகு இன்னும் பல பெயர்கள் நீள்கின்றன, பத்சேபாள் கதை மட்டும் அந்த நூலில் கிடையாது. சாமுவேல் நூலின் ஆசிரியருக்கு உரியாவை விட்டுவிட மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

பணக்காரன் பறித்துக்கொண்ட ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையை நாத்தான் சொல்லி, தாவீது கொதித்து எழுந்ததும், நீயே அந்த மனுஷன் என்று விரலை நீட்டும் இடத்தைப் படிக்கும்போது தமிழ் வாசகனுக்குச் சிலம்பு ஞாபகம் வராமல் இருக்காது. யானோ அரசன் யானே கள்வன் என்று சொல்லிப் பாண்டியன் அங்கேயே விழுந்து இறக்கிறான், தவறு தெரிந்த கணத்திலேயே தன் உயிரை விலையாகக் கொடுத்துவிடுகிறான். தாவீதும் ஒப்புக்கொள்கிறான், சாக்குச் சொல்லாமல் ஒரே வரியில். ஆனால் அவன் சாகவில்லை. பத்சேபாளுக்குப் பிறந்த குழந்தை சாகிறது, பிற்பாடு ஒரு மகன் தங்கையைக் கெடுக்கிறான், இன்னொரு மகன் அவனைக் கொல்கிறான், அந்த அப்சலோமும் கலகம் செய்து மரத்தில் மாட்டிச் சாகிறான். குற்றம் செய்தவன் உயிரோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. எது கொடுமையான தண்டனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது. 24-ஆம் அதிகாரத்தில் தாவீது ஜனத்தொகை எடுத்ததற்குத் தண்டனையாக மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன: ஏழு வருஷம் பஞ்சம், மூன்று மாதம் அவன் எதிரிகளுக்கு முன்னால் ஓடுவது, மூன்று நாள் கொள்ளைநோய். நடுவில் இருப்பதைப் பாருங்கள், அதன் பாரம் முதலில் அவன் தலையில்தான் விழும். மனுஷர் கையில் விழுவதைவிடக் கர்த்தர் கையில் விழுவோம் என்று பக்தியாகப் பதில் சொல்கிறான். நோய் வருகிறது, 70,000 பேர் சாகிறார்கள். அதற்குப் பிறகுதான், பாவம் செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தன, உம்முடைய கை எனக்கு விரோதமாக இருக்கட்டும் என்கிறான். அழகான வரி, உண்மையான கண்ணீரும்கூட, ஆனால் பிந்தி வந்தது. உடனே அடுத்த காட்சியில் அர்வனாவின் போரடிக்கும் களத்தை இலவசமாக வாங்க மறுத்து, செலவில்லாத பலியை நான் செலுத்த மாட்டேன் என்று 50 வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுக்கிறான். விலை கொடுப்பதைப் பற்றி இவ்வளவு நன்றாகத் தெரிந்தவன், விலையை அடுத்தவர் கொடுக்கும்படி இத்தனை முறை விட்டவன், இரண்டும் ஒரே தாவீது.

சரி, இனி யாக்கோபின் மகன் யூதா. என்னிடம் பழைய ஏற்பாட்டில் ஒரே ஒரு நாயகனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவனைத்தான் சொல்வேன். ஆதியாகமம் 37-இல் தம்பி யோசேப்பைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, கொன்று மறைப்பதால் லாபம் என்ன, விற்றுவிடுவோம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னவன் இவன். 20 வெள்ளிக்காசு கிடைக்கிறது. அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் அனுப்பி, இது உம்முடைய மகன் அங்கியா பாரும் என்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் தாமாரை ஒருவர்பின் ஒருவராக மணந்த யூதாவின் இரண்டு மகன்கள் இறக்கிறார்கள். மூன்றாமவனும் போய்விடுவானோ என்று பயந்து, மருமகள் தாமாரைப் பொய் சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி அப்படியே விட்டுவிடுகிறான். அவள் முக்காடு போட்டு வழியோரம் உட்கார்ந்து, வேசியென்று நினைத்து வந்த அவனிடமிருந்தே முத்திரையும் கைக்கோலும் அடைமானமாக வாங்கிக்கொள்கிறாள். கர்ப்பமானதற்காக அவளைச் சுட்டெரிக்க வெளியே கொண்டுவரும்போது அந்தப் பொருட்களை அனுப்பி, இவை யாருடையவை பாரும் என்கிறாள். எபிரேயத்தில் அப்பாவிடம் அங்கியை நீட்டிச் சொன்ன அதே வார்த்தைகள். ஏமாற்றியவன் காதிலேயே அவன் குரல் திரும்ப விழுகிறது. என்னிலும் அவள் நீதியுள்ளவள் என்கிறான். அந்த இடத்தில்தான் யூதா மாற ஆரம்பிக்கிறான்.

பஞ்சம் வருகிறது. கடைசித் தம்பி பென்யமீனை அழைத்துவராமல் எகிப்தில் தானியம் கிடைக்காது. மூத்தவன் ரூபன் அப்பாவிடம் சொல்கிறான், நான் அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளைக் கொன்றுவிடும் என்று. பெரிய தியாகம் மாதிரி ஒலிக்கிறது, கொஞ்சம் யோசித்தால் குமட்டும். சாகப்போவது ரூபனா? பிள்ளைகளைப் பறிகொடுத்த யாக்கோபு எப்படி இதை ஏற்பான்? இரண்டு பிள்ளைகளை உண்மையிலேயே இழந்த யூதா அப்படிப் பேசவில்லை. அவனுக்காக நான் பிணை, என் கையில் கேளும் என்கிறான். எபிரேயத்தில் இந்தப் 'பிணை' என்ற சொல்லும் தாமார் வாங்கிய 'அடைமானம்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. அன்று தன் பொருளை அடைமானம் வைத்தான், இன்று தன்னையே வைக்கிறான்.

44-ஆம் அதிகாரத்தில் பென்யமீன் மூட்டையில் வெள்ளிக் கிண்ணம் அகப்பட்டு, அவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்று, இப்போது எகிப்தின் அதிபதியாக இருக்கும் யோசேப்பு சொல்கிறான், இவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. இருபது வருஷத்துக்கு முந்தைய குழி திரும்பவும் எதிரே திறந்து கிடக்கிறது, தள்ளிவிட்டுப் போக வழியும் இருக்கிறது. யூதா கிட்டப் போய்ப் பேசுகிறான். அந்த நீண்ட பேச்சில் ஒரு வரி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். தகப்பன் சொன்னதாக அவன் எடுத்துச் சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இரண்டு! யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். ராகேல் பெற்ற யோசேப்பும் பென்யமீனும் மட்டுமே பிள்ளைகள், ராகேல் மட்டுமே மனைவி என்பதுபோல அந்தக் கிழவன் பேசியிருக்கிறான், லேயாள் பெற்ற யூதாவிடமே. எந்த ஓரவஞ்சனைக்காக முன்பு தம்பியை விற்றார்களோ அதே ஓரவஞ்சனை, துளியும் மாறாமல். அதை யூதா கசப்பே இல்லாமல் திரும்பச் சொல்கிறான். அப்பா உயிர் இவன் உயிரோடு ஒட்டியிருக்கிறது, இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். தன்னை நேசிக்காத தகப்பனுக்காக, தகப்பன் அதிகமாக நேசிக்கும் பிள்ளையின் இடத்தில் தான் நிற்பது. யோசேப்பு அழுதுவிடுகிறான், படிக்கிற நமக்கும் தொண்டை அடைக்கிறது. தன்னலமின்மை என்பதற்கு அந்த நூலில் இதைவிட உயர்ந்த காட்சியை நான் பார்க்கவில்லை, அதைச் செய்தவன் நல்லவனாகப் பிறந்தவனும் இல்லை.

மோசேயைப் பற்றி எல்லோரும் சொல்லும் இடம் யாத்திராகமம் 32. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பிறகு, இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்று கடவுளே சொல்கிறார். புதிய ஆபிரகாம் ஆகும் வாய்ப்பு. மோசே அதைத் தொடக்கூட இல்லை. இவர்கள் பாவத்தை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்கிறான். மகத்தான வரிதான். ஆனால் நேர்மையாகப் படித்தால், முதல் மன்றாட்டுக்கும் இந்த வரிக்கும் நடுவில் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் உத்தரவுப்படி லேவியர் ஏறக்குறைய 3,000 பேரை வெட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

எண்ணாகமம் 11-இல் அதே மோசே மறுபடியும் சாகக் கேட்கிறான், காரணம் முழுக்க வேறு. இறைச்சி வேண்டும் என்று ஜனங்கள் அழுகிறார்கள், இவன் சலித்துப்போய், இவர்களை நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், இப்படிச் செய்வதானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறான். முன்பு அவர்களுக்காகச் சாகத் தயாரானவன், இப்போது அவர்கள் தொல்லை தாங்காமல் சாகக் கேட்கிறான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஒரு கூட்டத்தைச் சுமக்கிறவனுக்கு இரண்டு நாளும் வரும். அதே அதிகாரத்தில் எல்தாத், மேதாத் என்ற இரண்டு பேர் அனுமதியில்லாமல் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள் என்று யோசுவா பதறும்போது, எனக்காகவா பொறாமைப்படுகிறாய், எல்லாரும் தீர்க்கதரிசிகளாகிவிட்டால் நல்லதுதானே என்று சொல்பவனும் இவன்தான். சலிப்பின் உச்சத்திலும் தன் இடத்தைக் காத்துக்கொள்ளத் தோன்றவில்லை பாருங்கள்.

20-ஆம் அதிகாரத்தில் கன்மலையை இரண்டு முறை அடித்து, உங்களுக்கு நாங்கள் தண்ணீர் வரப்பண்ணுவோமோ என்று கத்துகிறான். அந்த 'நாங்கள்' என்ற சொல்லில் அவன் விழுந்துவிட்டான் என்று பலர் விளக்குவார்கள். வாக்களிக்கப்பட்ட தேசமான கானானுக்குள் நுழைய முடியாது என்ற தீர்ப்பு வருகிறது. என்னைத் தொடுவது அதற்குப் பிந்தையது. உபாகமத்தில் மோசே இதைத் தானே நினைவுகூரும்போது, உங்கள் நிமித்தம் கர்த்தர் என்மேல் கோபங்கொண்டார் என்று ஜனங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். எண்ணாகமம் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் என்னை விசுவாசியாமல் போனீர்கள் என்று மோசேயையும் அவன் அண்ணன் ஆரோனையும் பார்த்துத்தான் சொல்கிறது. அத்தனை பெரிய மனிதனும் அந்த ஒரு காயத்தில் பழியைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறான். யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்கட்டுமே என்று கெஞ்சவும் செய்கிறான். ஜனங்களுக்காக மன்றாடியபோதெல்லாம் இறங்கி வந்த கடவுள், அவன் தனக்கென்று கேட்ட இந்த ஒன்றுக்கு, போதும், இனி இதைப் பற்றி என்னோடே பேசவேண்டாம் என்கிறார்.

மீதியானியரை வென்ற கிதியோனைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்களை ஆளும் என்று கேட்டவர்களிடம், நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார் என்றான். அடுத்த மூச்சில் கொள்ளையில் கிடைத்த காதணிகளைக் கேட்டு, 1,700 சேக்கல் பொன் சேர்த்து, சொந்த ஊரில் ஒரு ஏபோத்தை, ஆசாரியர் அணியும் மேலங்கியை, செய்துவைத்தான். ஒரு மகனுக்கு அவன் இட்ட பெயர் அபிமெலேக்கு. 'என் தகப்பன் ராஜா' என்று அர்த்தம். வாய் மறுத்த பதவியைப் பிள்ளையின் பெயர் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த அபிமெலேக்கு 70 சகோதரர்களைக் கொன்று ராஜாவானபோது, தப்பிய யோதாம் மலையேறி நின்று மரங்களின் கதையைச் சொல்கிறான்: ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வர முடியாது என்கிறது, அத்தி தன் இனிமையை விட்டு வராது, திராட்சை தன் ரசத்தை விட்டு வராது, கொடுக்க எதுவுமில்லாத முட்செடிதான் என் நிழலில் வந்து தங்குங்கள் என்று கூப்பிடுகிறது. சாலொமோனுக்கு இரண்டு எண் போதும். ஆலயம் கட்ட 7 வருஷம், தன் அரண்மனை கட்ட 13 வருஷம், ஒரு வசனம் முடிந்து அடுத்த வசனத்தில். சிம்சோனோ வேதத்தில் பதிவான இரண்டு ஜெபங்களில் ஒன்றில் தன் தாகத்துக்குத் தண்ணீரும் மற்றதில் தன் இரண்டு கண்களுக்குப் பழியும் கேட்டான். யூதர்களை அழிக்க ஆணை பிறந்தபோது, பாரசீக ராணியாக இருந்த யூதப் பெண் எஸ்தரிடம் அவளை வளர்த்த மொர்தெகாய் முதலில் அவளுடைய சுயநலத்தைத்தான் தொட்டுப் பேசுகிறான், அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்பிவிடுவாய் என்று நினைக்காதே என்று. அங்கிருந்து நான் செத்தாலும் சாகிறேன் என்ற இடத்துக்கு அவளாக நடந்து போகிறாள்.

இப்போது சவுல், இஸ்ரவேலின் முதல் ராஜா. கேட்டவர் இவனைச் சுயநலக்காரர் வரிசையில் வைத்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. அப்பாவின் தொலைந்த கழுதைகளைத் தேடிப் போனவன் இவன், ராஜாவாக அறிவித்தபோது சாமான்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டவன். அம்மோனியன் நாகாஸ், யாபேஸ் கீலேயாத் ஊராரின் வலது கண்களைப் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது, வயலிலிருந்து மாடுகளின் பின்னால் வந்துகொண்டிருந்த சவுல் படை திரட்டிப் போய் அவர்களைக் காப்பாற்றினான். இவனா எங்களை ஆள்வது என்று முன்பு ஏளனம் செய்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, இன்று யாரையும் கொல்லக்கூடாது, கர்த்தர் இரட்சிப்பு அருளிய நாள் என்றான். நான்கு அதிகாரம் தள்ளி அமலேக்கியப் போருக்குப் பிறகு பார்த்தால் தனக்கே ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டிக்கொண்டிருக்கிறான், பாவம் செய்தேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்லும் அதே வாக்கியத்தில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்கிறான். தாவீது வந்த பிறகு பயம் அவனைத் தின்றுவிடுகிறது. அவன் உத்தரவில் நோப் ஊரைச் சேர்ந்த 85 ஆசாரியர்கள் ஒரே நாளில் கொல்லப்படுகிறார்கள். அவன் மகன் யோனத்தானோ, தனக்கு வரவேண்டிய சிங்காசனத்துக்குப் போட்டியாக வந்தவனுக்குத் தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றிக் கொடுக்கிறான். நீர் ராஜாவாக இருப்பீர், நான் உமக்கு இரண்டாவதாக இருப்பேன் என்கிறான். முதலாம் சாமுவேல் 18-இல் யோனத்தான் தாவீதை நேசித்தான், சவுலின் மகள் மீகாள் நேசித்தாள், இஸ்ரவேலரும் யூதாவும் நேசித்தார்கள் என்றெல்லாம் வருகிறது, தாவீது யாரையும் நேசித்தான் என்று அந்த அதிகாரத்தில் ஒரு வரி கிடையாது. அவ்வளவு கொடுத்த யோனத்தான் இரண்டாவதாகவும் இருக்கவில்லை. அப்பாவை விட்டுப் போகாமல் கில்போவா மலையில் அவனோடு செத்தான்.

தோற்று, தன் பட்டயத்தின் மேலேயே விழுந்து இறந்த சவுலின் தலையை வெட்டி, உடலைப் பெத்சான் மதிலில் பெலிஸ்தர் தொங்கவிட்டார்கள். செய்தி யாபேஸ் கீலேயாத்துக்குப் போகிறது. அங்கே கண்கள் பிடுங்கப்படாமல் தப்பியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பலசாலிகள் எல்லாரும் எழுந்து, இராமுழுவதும் நடந்து போய், எதிரியின் மதிலிலிருந்து சவுலையும் அவன் பிள்ளைகளையும் இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளை ஊரிலுள்ள ஒரு மரத்தின் கீழ் புதைத்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.